அடைக்கலம் தந்த வாயில்: சுரேகா சிக்ரியின் நடிப்புக் கலை

சிலப்பதிகாரத்தை வகுப்பிற் கற்பிக்குந்தோறும் மாணவர் கண்ணகியைப் பற்றி வினவுவர். மாதவியைப் பற்றி வினவுவர். பாண்டியன் செய்த பிழை எத்தகையது என்று வாதிடுவர். மாதரியைப் பற்றி வினவுவார் அரியர். மதுரையின் புறஞ்சேரியில் வாழ்ந்த ஆயர்குல முதுமகள் அவள். கவுந்தியடிகள் கண்ணகியை அவள்பால் அடைக்கலமாக ஒப்புவிக்கின்றார். அவள் காப்பியத்தில் நம் கண்முன் நிற்பது சிறிது நேரமே. ஆயினும், தன்னிடம் ஒப்புவிக்கப்பட்ட அடைக்கலத்தைக் காக்க இயலாது போயிற்றே என்னும் துயரால் அவள் தீயிற் புகுந்தாள் என்ற செய்தியை வஞ்சிக் காண்டத்தில் எதிர்ப்படும்போது, காப்பியத்தின் அறச் சுமையில் ஒரு பெரும் பங்கை இச் சிறு பாத்திரம் தாங்கி நின்றமை நமக்குப் புலனாகின்றது.

தலைமைப் பாத்திரத்தின் ஒளியிற் கண் கூசி, அதனருகே நிற்பவரைக் காணாது விடுதல் இலக்கியம் கற்போரிடம் மட்டுமன்றித் திரைப்படம் காண்போரிடமும் உள்ள குறையாகும். 'துணை நடிகை' என்னும் சொல்லே இக் குறைக்கு இடந்தருகின்றது. துணை என்றவுடன் அது முதன்மையானதொன்றின் நிழல் என்று எண்ணிவிடுகின்றோம். தமிழ்ச் சினிமா விமர்சனத்தில் நெடுங்காலமாக வழங்கிவரும் 'குணசித்திர நடிகை' என்னும் தொடர் இதனினும் பொருட்செறிவுடையது. ஒருவரது குணத்தைச் சித்திரமாகத் தீட்டுபவள் என்பது அதன் பொருள். அழகையோ, ஆடலையோ, கதையின் வெற்றியையோ நம்பாது குணமொன்றையே முதலாகக் கொண்டு நடிப்பவள் அவள். இப் பெயருக்கு முற்றும் உரியவராய் இந்தியச் சுயாதீனத் திரைப்படத்துறையில் ஏறக்குறைய நாற்பதாண்டுகள் விளங்கியவர் சுரேகா சிக்ரி (1945 - 2021). அவருடைய கலை வாழ்வை ஆராய்ந்து, அதனூடே ஓடும் ஒரு பொருளை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்ரி அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். பின்னர் டில்லியிலுள்ள தேசிய நாடகப் பள்ளியிற் சேர்ந்து 1971ஆம் ஆண்டிற் பயிற்சியை நிறைவு செய்தார். அக்காலத்தில் அப் பள்ளியின் நெறியாளராக விளங்கியவர் இப்ராகிம் அல்காசி. குரலையும் உடலையும் கடும் பயிற்சியாற் பண்படுத்துதல், பாத்திரத்தின் காலத்தையும் சூழலையும் நுணுகிக் கற்றல், அரங்கின் ஒழுக்கத்தைப் பேணுதல் என்பன அவர் வற்புறுத்திய நெறிகள். பயிற்சி முடித்த சிக்ரி பம்பாய்க்கு விரையவில்லை. நாடகப் பள்ளியைச் சார்ந்த நாடகக் குழுவிலேயே பத்தாண்டுக்கு மேல் நடித்தார். நாடகத்துறைக்கு அவர் ஆற்றிய பணிக்காக 1989ஆம் ஆண்டில் சங்கீத நாடக அக்கடமியின் விருது அவருக்குக் கிடைத்தது. அவர் முதலில் நாடக நடிகை. பின்னரே திரைப்பட நடிகை. இதனை மறந்து அவரது நடிப்பை அளத்தல் பொருந்தாது.

அவர் தோன்றிய முதற் படமே அவரது கலை வாழ்வின் போக்கை முன்னறிவித்தது எனலாம். 'கிஸ்ஸா குர்சி கா' என்னும் அரசியல் அங்கதப் படம் நெருக்கடிநிலைக் காலத்தில் தடைசெய்யப்பட்டது. அதன் மூலச்சுருள்களும் அழிக்கப்பட்டன. மீண்டும் எடுக்கப்பட்டு 1978ஆம் ஆண்டில் வெளிவந்த அப் படத்தில் சிக்ரி நடித்தார். வணிகச் சினிமாவின் வாயில் அன்று இத்தகைய நடிகையருக்குத் திறந்திருக்கவில்லை. திறந்திருந்தது பிறிதொரு வாயில். 1960ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட திரைப்பட நிதிக் கூட்டுத்தாபனமும், அதன் பணியை ஏற்ற தேசிய திரைப்பட வளர்ச்சிக் கூட்டுத்தாபனமும், பின்னர் அரச தொலைக்காட்சியாகிய தூர்தர்ஷனும் சிறு முதலீட்டுப் படங்களுக்குப் பொருளுதவி புரிந்தன. 1969ஆம் ஆண்டில் வெளிவந்த மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' முதலாக வளர்ந்த இவ்வகைச் சினிமாவை வட இந்தியர் இணைச் சினிமா என்றனர். நட்சத்திரங்களின் புகழையும் ஆடல் பாடலையும் நம்பி நில்லாத அவ்வகைப் படங்களிற் பெருஞ்சுமை முகத்தின்மீதும் பேச்சின்மீதும் விழுந்தது. ஆகவே, அரங்கிற் பயின்ற நடிகர்கள் அங்கே இன்றியமையாதவராயினர்.

இனி, சிக்ரியின் பாத்திரங்களுள் முதன்மையானதை நோக்குவாம். பீஷ்ம சாஹ்னி எழுதி, 1975ஆம் ஆண்டிற் சாகித்திய அக்கடமி விருது பெற்ற நாவல் 'தமஸ்'. இருள் என்பது அச் சொல்லின் பொருள். 1947ஆம் ஆண்டில் இந்தியப் பிரிவினைக்குச் சற்று முன்னர்ப் பஞ்சாபில் நிகழ்ந்த வகுப்புக் கலவரத்தை அது சித்திரிக்கின்றது. சாஹ்னி இராவல்பிண்டியிற் பிறந்தவர். அந்நிலத்தின் நெருப்பைக் கண்ணாரக் கண்டவர். இதனைத் திரைக்காக்கிய கோவிந்த் நிகலானியும் கராச்சியிற் பிறந்து பிரிவினையாற் பெயர்ந்தவரே. 1988ஆம் ஆண்டில் இப் படம் தூர்தர்ஷனிற் பகுதி பகுதியாக ஒளிபரப்பப்பட்டபோது அதனைத் தடுக்குமாறு வழக்குத் தொடுக்கப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதிகள் படத்தைப் பார்வையிட்டு ஒளிபரப்பை அனுமதித்தனர். அதே ஆண்டு பெப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் படத்துக்கெதிரான மனுவைத் தள்ளிவிட்டது. பழைய புண்ணைக் கிளறுதல் கலவரத்தை மூட்டும் என்றனர் வழக்காடியோர். இருளை இருளென்று காட்டுதலே அதனைத் தவிர்க்கும் வழியென்பது படைத்தோர் கொள்கை. இக் கொள்கைக்குச் சான்றாகப் படத்தில் நிற்கும் பாத்திரங்களுள் ஒன்று, சிக்ரி நடித்த ராஜோ.

சாஹ்னியின் நாவலில் அப் பகுதி அமைந்தவாறு இது. ஹர்னாம் சிங் என்னும் முதிய சீக்கியனும் அவன் மனைவி பந்தோவும் தம் தேநீர்க் கடையை விட்டு இரவோடிரவாக ஓடுகின்றனர். விடியும் வேளையில் ஓர் ஊரில் ஒரு வீட்டின் கதவைத் தட்டுகின்றனர். அது ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீடு. ஆண்கள் வெளியே சென்றிருக்கின்றனர். எங்கே சென்றனர் என்பதை ஊகித்தல் அரிதன்று. மருமகள் தடுக்கின்றாள். மாமியாகிய ராஜோ அவர்களை உள்ளே அழைக்கின்றாள். ஆயினும், தன் வீட்டு ஆண்கள் திரும்பினால் யாது செய்வரென்று தன்னாற் கூறவியலாது என்பதையும் அவள் மறைக்கவில்லை. முதியவர்கள் பரணில் ஒளிக்கப்படுகின்றனர். கணவன் திரும்பி வருகின்றான். கொள்ளையடித்த பெட்டியொன்றைச் சுமந்து வருகின்றான். அது ஹர்னாம் சிங்கின் வீட்டுப் பெட்டி. பூட்டை உடைக்க முற்படும்போது, உடைக்க வேண்டா என்று கூறித் திறவுகோலை நீட்டுகின்றான் அதன் உரியவன். நள்ளிரவில் அவ்விருவரையும் ஊர்ப்புறம்வரை அழைத்துச் சென்று விடுபவளும் ராஜோவே. பெட்டியிலிருந்த நகைகளை அவர்களிடம் மீள அளிப்பவளும் அவளே. நிகலானியின் படம் பெரிதும் நாவலின் வழிநின்றே இந்நிகழ்ச்சியைக் காட்டுகின்றது.

இத்தகைய பாத்திரத்தை ஏற்கும் நடிகை எளிதில் வழுக்கி விழக்கூடிய ஓரிடம் உண்டு. அது கருணையின் இனிமை. கண்ணீர் மல்கும் விழியும் தழுதழுத்த குரலும் கொண்டு ராஜோவைத் தெய்வத் தாயாக்கிவிடுதல் கடினமன்று, பார்வையாளரும் மகிழ்வர். சிக்ரி அவ்வழிச் சென்றாரல்லர். அவருடைய ராஜோ வீட்டு வேலையிற் காய்த்துப்போன கையையுடைய ஒரு குடியானவப் பெண். அவளுடைய குரலில் வறட்சி இருக்கின்றது. பேச்சிலே சுருக்கம் இருக்கின்றது. கதவைத் திறத்தல் தான் செய்யும் பெருஞ்செயல் என்று அவள் எண்ணுவதில்லை. வந்தவரை வெளியே நிறுத்துதல் ஆகாது என்னும் பழைய இல்லற ஒழுக்கமே அவளை இயக்குகின்றது. தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடு எட்டனுள் அழுகையும் அச்சமும் இவ்விடத்தில் இயல்பாகவே முந்தி நிற்பன. அவற்றை உள்ளே அடக்கிக்கொண்டு, செயலின் வழியே மாத்திரம் உணர்த்துவது சிக்ரியின் நடிப்பு. ஒருவாற்றான் நோக்கின் ராஜோவின் நிலை மாதரியின் நிலையினும் கொடிது. மாதரி தீயிற் புகுந்து துயரை முடித்துக்கொண்டாள். ராஜோவோ விடிந்தபின் கொள்ளைப்பொருள் கிடக்கும் அதே வீட்டில், அதே கணவனுக்கும் மகனுக்கும் உணவு சமைத்து வாழவேண்டியவள்.

1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களைக் கண்ட நம் நாட்டில், அயலவராகிய சிங்களக் குடும்பத்தவர் கதவைத் திறந்தமையால் உயிர் தப்பிய தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகைய வீடுகளைப் பற்றிக் கேட்டறிந்தோர்க்கு ராஜோவின் வறண்ட குரல் நன்கு விளங்கும். அடைக்கலம் தந்தோர் பெரும்பாலும் உறுதிமொழி தந்தோரல்லர். 'உள்ளே வாருங்கள், பார்ப்போம்' என்பதற்கு மேல் எவரும் எதுவும் கூறவியலாத இரவுகள் அவை. சிக்ரியின் நடிப்பில் அவ்வுண்மை இருக்கின்றது. 35ஆவது தேசியத் திரைப்பட விருதுகளுட் சிறந்த துணை நடிகைக்கான விருது இப் பாத்திரத்துக்கு வழங்கப்பட்டது. படம் எடுக்கப்பட்ட காலத்தில் அவர் ஏறக்குறைய நாற்பத்திரண்டு வயதினர். வளர்ந்த மகனையும் மருமகளையும் உடைய மாமியாக அவ்வயதில் அவர் நடித்தார் என்பதும் எண்ணத்தக்கது. நாற்பதைக் கடந்த நடிகைக்குத் தாய்மையையும் முதுமையையும் அன்றி வேறு பாத்திரத்தை இந்தியச் சினிமா எளிதில் அளிப்பதில்லை. அளிக்கப்பட்டதைக்கொண்டே அவர் தம் உலகைப் படைத்தார்.

இரண்டாவதாகக் கருதத்தக்கது 1994ஆம் ஆண்டில் சியாம் பெனகல் நெறிப்படுத்திய 'மம்மோ'. காலித் மொகமத் தம் குடும்ப வரலாற்றிலிருந்து எழுதிய கதை அது. இந்தியாவிற் பிறந்து, லாகூரில் வாழ்க்கைப்பட்ட மெஹ்மூதா என்னும் மம்மோ, கணவன் இறந்தபின் உறவினரால் வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகின்றாள். பம்பாயில் வாழும் உடன்பிறந்தாளாகிய ஃபையாசியைத் தேடி வருகின்றாள். ஃபையாசி தன் பேரன் ரியாசுடன் சிறு வருவாயில் வாழ்பவள். மம்மோ பாக்கிஸ்தான் பிரசை. ஆதலின் தங்கியிருப்பதற்கான அனுமதியை மீண்டும் மீண்டும் புதுப்பிக்கவேண்டும். ஈற்றிற் பொலிசார் அவளை இரயிலேற்றி நாடு கடத்துகின்றனர். ஆண்டுகள் பல கழிந்தபின், ரியாஸ் வளர்ந்து இளைஞனாயிருக்கும் காலத்தில், அவள் மீண்டும் அவர்கள் வீட்டு வாயிலில் வந்து நிற்கின்றாள். அவளை இழக்காதிருக்கும் பொருட்டு, அவள் இறந்துவிட்டாள் என்று சான்றிதழ் பெறுகின்றனர். சட்டத்தின் முன் இறந்தவளே வீட்டினுள் வாழமுடியும் என்பது படத்தின் கொடிய நகை.

மம்மோவாக நடித்தவர் ஃபரீதா ஜலால். வாய் ஓயாது பேசி, அன்பை அள்ளிச் சொரிந்து, பார்ப்போர் மனத்தை முதற் காட்சியிலேயே கவரும் பாத்திரம் அது. அதனெதிரே நிற்கும் ஃபையாசியின் பாத்திரம் அத்தகைய கவர்ச்சி இல்லாதது. அவள் கடுகடுப்பானவள், செலவை எண்ணுபவள், பேரனிடம் அவன் தந்தையைப் பற்றிய உண்மையை மறைத்து வைத்திருப்பவள். வந்த உடன்பிறந்தாளை வரவேற்கும்போதே இன்னொரு வயிற்றுக்கு எவ்வாறு இடுவது என்ற கணக்கும் அவள் உள்ளத்தில் ஓடுகின்றது. சிக்ரி இக் கணக்கை மறைக்கவில்லை. அன்பும் கணக்கும் ஒரே நெஞ்சில் ஒருங்கே வாழும் என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். வறிய வீட்டில் விருந்தோம்பலைப் பற்றி நாம் மேடையிற் பேசுவது வேறு. அடுப்படியில் அரிசியை அளந்து நிற்பவள் அறிவது வேறு. மம்மோ நாடு கடத்தப்படும்போது நம் நெஞ்சு உருகுவது மம்மோவின் பொருட்டு மட்டுமன்று. அவ்வளவு நாளும் சிடுசிடுத்த ஃபையாசியின் வெறுமையை எண்ணியுமாகும். 42ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் இரண்டாம் முறையாக அவர் சிறந்த துணை நடிகையாகத் தெரிவு செய்யப்பட்டார்.

இவ்விடத்தில் விமர்சகர் பெரிதும் கவனியாத ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் தகும். பெனகல் இக் குடும்பக் கதையைத் தொடர்ந்து 1996இல் 'சர்தாரி பேகம்', 2001இல் 'சுபைதா' என்னும் படங்களை எடுத்தார். இவற்றுள் 'சுபைதா'வில் சிக்ரி மீண்டும் ஃபையாசியாக நடித்தார். 'மம்மோ'வில் நாம் கண்ட முதியவளின் முன்னைய வாழ்வு அங்கே விரிகின்றது. சுபைதா அவள் மகள். திரைப்படத்தில் நடிக்க விழைந்த அம் மகளைத் தந்தை தடுத்து, தான் தெரிந்த ஒருவனுக்கு மணஞ்செய்விக்கின்றான், மணம் முறிகின்றது, பின்னர் ஓர் அரசனை மணந்து சென்ற மகள் விமான விபத்தில் மடிகின்றாள். குழந்தை ரியாஸ் பாட்டியிடம் வளர்கின்றான். கணவனின் சொல்லுக்கெதிரே வாய் திறக்கமாட்டாத தாயாக இங்கே ஃபையாசி நிற்கின்றாள். தன் மகளுக்குத் திறக்க இயலாது போன கதவே, பின்னாளில் உடன்பிறந்தாளுக்காகத் தயங்கித் தயங்கித் திறக்கப்படுகின்றது என்று கொள்ளின், 'மம்மோ'வில் நாம் கண்ட கடுகடுப்பின் காரணம் தெளிவாகும். ஏழாண்டுக்கு முன் விளைவை நடித்துக் காட்டிய நடிகை, ஏழாண்டின் பின் அதன் காரணத்தை நடிக்க நேர்ந்தது. இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்போர், ஒரே பெண்ணின் இரு பருவங்கள் முரண்படாது பொருந்தும் நுட்பத்தைக் கண்டு வியப்பர்.

மூன்றாவது, 2002ஆம் ஆண்டில் அபர்ணா சென் நெறிப்படுத்திய 'மிஸ்டர் அண்ட் மிஸிஸ் ஐயர்'. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தைச் சேர்ந்த மீனாட்சி என்னும் இளந்தாய் குழந்தையுடன் பேருந்திற் பயணஞ் செய்கின்றாள். வழியிற் கலவரம் மூளுகின்றது. இந்துக் கும்பலொன்று பேருந்தை மறித்து முஸ்லிம்களைத் தேடுகின்றது. உடன் பயணஞ் செய்த முஸ்லிம் இளைஞனைத் தன் கணவனாகிய ஐயர் என்று கூறி மீனாட்சி காக்கின்றாள். ஆயின் அதே பேருந்தில் இருந்த முதிய முஸ்லிம் தம்பதியைக் காப்பார் ஒருவருமில்லை. சக பயணி ஒருவன் அவர்களைக் காட்டிக் கொடுக்கின்றான். கணவனைக் கும்பல் இழுத்துச் செல்கின்றது. மனைவியும் அவன் வழியே போகின்றாள். அம் மனைவி நஜ்மா, சிக்ரி. அக் கணவனாக நடித்தவர் வேறெவருமல்லர். 'தமஸ்' நாவலை எழுதிய பீஷ்ம சாஹ்னி.

இதனைத் தற்செயல் என்று விட்டுவிடலாம். ஆயினும் திரைப்பட வரலாற்றை அறிந்தோர்க்கு இது நெஞ்சை உறுத்தும் ஓர் ஒப்புமையாகும். ஏனெனில் 'தமஸ்' படத்தில் ஹர்னாம் சிங்காக நடித்தவரும் சாஹ்னியே. 1988ஆம் ஆண்டிற் சீக்கிய முதியவனாய் வந்து கதவைத் தட்டிய அவருக்கு முஸ்லிம் பெண்ணாய் நின்று கதவைத் திறந்தவர் சிக்ரி. 2002ஆம் ஆண்டில் இருவரும் முஸ்லிம் முதியோராய் ஒரே பேருந்தில் இருக்கின்றனர்; இம்முறை அவர்களுக்காகத் திறந்த கதவு கொலைக்களத்தை நோக்கிய கதவு. முன்னர் அடைக்கலம் தந்தவள் இப்போது அடைக்கலமின்றி நிற்கின்றாள். இப் படத்தில் சிக்ரி தோன்றும் நேரம் மிகக் குறைவு. எனினும் படத்தின் பிற்பகுதி முழுவதும் அவர்கள் விட்டுச் சென்ற வெற்றிருக்கையின் நிழல் படிந்திருக்கின்றது. மீனாட்சியின் சிறு பொய் ஓர் உயிரைக் காத்தது என்று நாம் மகிழும்போதே, காக்கப்படாத இருவரின் நினைவு அம் மகிழ்ச்சியைத் தடுக்கின்றது. அவ்வாறு தடுக்கும் ஆற்றல் ஒரு குறும் பாத்திரத்துக்கு வாய்க்குமாயின் அதனைத் 'துணை' என்று கூறுதல் எங்ஙனம்?

சுயாதீனச் சினிமா சிக்ரிக்குப் புகழைத் தந்தது; பொருளைத் தரவில்லை. ஆண்டுக்கு ஒன்றிரண்டாகக் கிடைக்கும் சிறு பாத்திரங்களை நம்பி எவரும் வாழ இயலாது. ஆகவே அவர் தொலைக்காட்சித் தொடர்களில் நடித்தார். 2008 முதல் 2016 வரை ஒளிபரப்பான 'பாலிகா வது' என்னும் தொடரில் இராசத்தானத்துக் குடும்பமொன்றை ஆளும் பாட்டி கல்யாணி தேவியாக அவர் நடித்தார். குழந்தை மணத்தை மரபென்று காக்கும் கடுமையான கிழவி அவள். தமிழில் 'மண் வாசனை' என்ற பெயரில் அத் தொடர் மொழிமாற்றி ஒளிபரப்பப்பட்டது. தமிழ்ப் பார்வையாளர் பலர் சிக்ரியின் முகத்தை அறிந்தது அதனாலேயே. ஆயின் முகத்தை மட்டுமே அறிந்தனர், குரல் வேறொருவருடையது. அரங்கிற் பத்தாண்டுக்கு மேற் பண்பட்ட அக் குரலை நீக்கிவிட்டு அவரைக் காண்பது, வீணையின் தந்தியை அகற்றிவிட்டு அதன் உருவை வியப்பதை ஒக்கும்.

'சிக்ரி எப்பொழுதும் கடுகடுத்த கிழவியாகவே நடித்தார். அவருக்கு வேறு வகை தெரியாது' என்று குறை கூறுவோர் உளர். நெடுந்தொடரிற் சில முகபாவங்கள் மீண்டும் மீண்டும் வந்து தேய்ந்தமை உண்மையே. நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடரின் இயல்பு அது. ஆயினும் இக் கூற்று முற்றும் ஏற்கத்தக்கதன்று. ராஜோவின் கடுமை உழைப்பின் கடுமை. ஃபையாசியின் கடுமை இழப்பின் கடுமை. கல்யாணி தேவியின் கடுமை அதிகாரத்தின் கடுமை. வெகுளி என்னும் ஒரே மெய்ப்பாடு வெவ்வேறு நிலைக்களன்களிற் பிறக்கும்போது வெவ்வேறு சுவை பெறும் என்பது நம் இலக்கண நூலார் நன்கறிந்த உண்மை. ஒன்றையே நடித்தார் என்போர் பாவத்தை மட்டும் பார்க்கின்றனர். அது பிறந்த களத்தைப் பார்ப்பதில்லை.

2018ஆம் ஆண்டில் வெளிவந்த 'பதாய் ஹோ' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமித் சர்மா நெறிப்படுத்திய அப் படம் சுயாதீனச் சினிமாவைச் சார்ந்ததன்று. பெருவெற்றி ஈட்டிய வணிகப் படம். வளர்ந்த பிள்ளைகளையுடைய தாய் மீண்டும் கருவுறுகின்றாள். அவளுடைய மாமியார் துர்கா தேவி வெட்கமும் சினமும் கொண்டு மகனையும் மருமகளையும் ஏசுகின்றாள். பின்னர் உறவினர் வீட்டுத் திருமணத்தில் மற்றவர்கள் மருமகளை எள்ளும்போது அக் கிழவியே எழுந்து அவர்களை வாயடைக்கச் செய்கின்றாள். நோயுற்றபோது தன்னைப் பேணியவள் இவளே என்று எடுத்துரைக்கின்றாள். கதையமைப்பின்படி நோக்கின் இம் மாற்றம் சற்று எளிதாகவே வந்துவிடுகின்றது. ஒரு பேச்சினால் உறவினர் எல்லாரும் அடங்கிவிடுவது வாழ்க்கையில் நிகழ்வதன்று. இக் குறையை மூடியது சிக்ரியின் நடிப்பு. மருமகளின் பக்கம் நின்று பேசும்போதும் அவர் கனியவில்லை. முன்னர் மருமகளை ஏசிய அதே சினம் இப்போது திசை மாறிப் பாய்கின்றது, அவ்வளவே. ஆகையால் நாம் அதனை நம்புகின்றோம். வணிகப் படத்தினுள்ளும் சுயாதீனச் சினிமாவின் ஒழுக்கத்தை அவர் கொண்டுவந்தார் என்பதற்கு இதுவே சான்று. தமிழில் 2022ஆம் ஆண்டில் 'வீட்ல விசேஷம்' என்று இக் கதை மீண்டும் எடுக்கப்பட்டபோது அக் கிழவியாக நடித்தவர், கேரளத்தின் மக்கள் கலை மன்றத்து நாடக மேடையிலிருந்து வந்த கே.பி.ஏ.சி. லலிதா. படம் வெளிவருமுன்னரே அவர் காலமானார். இரு மொழியிலும் அரங்கிற் பயின்ற முதுபெரும் நடிகையரையே இப் பாத்திரம் வேண்டி நின்றமை கருதத்தக்கது.

66ஆவது தேசியத் திரைப்பட விருதுகளிற் சிக்ரி மூன்றாம் முறையாகச் சிறந்த துணை நடிகைக்கான விருதைப் பெற்றார். 2019ஆம் ஆண்டு டிசம்பரில் அதனைப் பெறுதற்குச் சக்கர நாற்காலியில் வந்த அவரை அவையோர் எழுந்து நின்று வரவேற்றனர். பக்கவாத நோய் அதற்கு முன்னரே அவரைத் தாக்கியிருந்தது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த 'கோஸ்ட் ஸ்டோரீஸ்' என்னும் கதைத்தொகுதிப் படத்திற் படுக்கையிற் கிடக்கும் முதியவளாக அவர் இறுதியாகத் தோன்றினார். அவ்வாண்டு கொரோனாத் தொற்றின்போது, அறுபத்தைந்து வயதைக் கடந்தோர் படப்பிடிப்பிற் கலந்துகொள்ளலாகாது என்று மகாராட்டிர அரசு விதித்தது. அவ்விதியை ஓகஸ்டிற் பம்பாய் உயர் நீதிமன்றம் நீக்கிற்று. விதி நிலவிய காலத்திற் சிக்ரி அதனை வெளிப்படையாகவே மறுத்துரைத்தார். தமக்கு வேண்டுவது தருமம் அன்று, வேலையே என்பது அவர் கூற்றின் சாரம். 2021ஆம் ஆண்டு யூலை 16ஆந் திகதி, எழுபத்தாறாம் வயதில், மாரடைப்பினால் அவர் மும்பையிற் காலமானார்.

மூன்று தேசிய விருதுகள். மூன்றும் 'துணை' என்னும் அடைமொழியோடு கூடியவை. கதாநாயகியாக ஒரு படமேனும் அவர் பெயரைத் தாங்கி நின்று புகழ் பெற்றதில்லை. இதனை அவருக்கு நேர்ந்த அநீதி என்று இரங்குவார் உளர். ஓரளவிற்கு அநீதியே. அறுபதாண்டுக்கு மேல் வாழ்ந்த பெண்ணின் கதையை மையமாகக் கொண்டு படமெடுக்கத் துணிந்தோர் மிகச் சிலரே. அத் துணிவின்மையால் நாம் இழந்த படங்கள் எத்தனை என்று கணக்கிட வழியில்லை. ஆயினும் இருக்கின்ற படங்களை வைத்து நோக்கின் வேறோர் உண்மையும் தோன்றும். ராஜோவின் வீடு, ஃபையாசியின் சிறு குடியிருப்பு, துர்கா தேவியின் குடும்பம் ஆகிய ஒவ்வொன்றிலும் யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்னும் வினா எழுகின்றது. அவ் வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு கதாநாயகரிடம் இல்லை. அது வாயிலில் நிற்கும் முதியவளிடம் இருக்கின்றது. கதையை நடத்துவோர் வேறு. கதையின் அறத்தைத் தீர்ப்போர் வேறு.

நமது பாடசாலை நாடகங்களில் அரசனாகவும் புலவனாகவும் நடிக்க மாணவர் போட்டியிடுவர். ஈரிடத்திற் பேசி மறையும் கிழவனின் வேடத்தைக் கொடுத்தால் முகஞ்சுழிப்பர். அவர்களிடம் அறிவுரை கூறுவதினும், 'தமஸ்' படத்தில் அக் கதவு தட்டப்படும் பகுதியை மட்டும் காட்டுதல் நன்று என்பது என் கருத்து. கதவுக்கு வெளியே இரு முதியோர். உள்ளே மறுத்துரைக்கும் மருமகள். இடையில் ஒரு பெண். அவள் கதவைத் திறப்பாளா என்பதை நாம் அறியோம். திறந்தபின் யாது நேரும் என்பதை அவளும் அறியாள். நடிப்பென்பது யாது என்று வினவும் மாணவனுக்கு அக் காட்சி விடை கூறும்.